14,800 ரூபாய் பிரஷர் டெஸ்ட் கிட்: இரண்டு எக்ஸ்கவேட்டர்களில் ஆறு மாதம்

என்னிடம் 20 டன் எடைப் பிரிவில் இரண்டு எக்ஸ்கவேட்டர்கள் ஓடுகின்றன. எங்கள் சங்ககிரிப் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் அது ‘ஹிட்டாச்சி’தான், அப்பா காலத்தவர்களுக்கோ அது ‘பொக்லைன்’, அதுவும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பதை அறியாமலே சொல்லிப் பழகிவிட்டார்கள். இரண்டில் ஒன்றை நான் புதிதாக வாங்கினேன், மற்றது இன்னொருவரிடம் ஓடிவிட்டு என்னிடம் வந்தது. கிணறு வெட்டுவது, காட்டைச் சமன் செய்வது, குவாரியில் மேல்மண் அகற்றுவது ஆகிய வேலைகளுக்கு அவை போகின்றன. இவற்றில் ஆறு மாதமாக நான் பயன்படுத்தி வரும் ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட் கிட்டை, அதாவது வண்டியை இயக்கும் எண்ணெயின் அழுத்தத்தை அளக்கும் கருவிப் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. கோவையில் ஹைட்ராலிக் உதிரிபாகங்கள் விற்கும் கடையொன்றில் ஜி.எஸ்.டி. உட்பட 14,800 ரூபாய்க்கு அதை வாங்கினேன். பெட்டியின் மேலும் கேஜின் முகப்பிலும் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. இதே அமைப்பிலான பெட்டிகள் பல கடைகளில் கிடைக்கின்றன.

வாங்க வைத்தது புதிய வண்டி. ஒரு வாரமாக அதன் எல்லா அசைவுகளும் மந்தமாகிவிட்டன. பூம் எனும் பெரிய கை மெதுவாக ஏறியது, ஸ்விங்கில் வண்டியின் மேல்பகுதி சோம்பலாகத் திரும்பியது, ஜாய்ஸ்டிக்கைக் கடைசி வரை சாய்த்தாலும் பாதி சாய்த்ததைப் போலவே இருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் கேஜ் எதையும் கொண்டுவரவில்லை. காதால் கேட்டே, மெயின் பம்ப் போய்விட்டது, இறக்கி ஓவர்ஹால் செய்ய 1,60,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு வராததற்கு ஒரே காரணம், வண்டி மெதுவாக இருந்ததே ஒழியப் பலவீனமாக இல்லை. பாறை இடுக்கில் பக்கெட்டைக் கொடுத்து இழுத்தால் முன்பு போலவே வண்டியின் முன்பக்கம் தரையை விட்டு எழுந்தது. ஹைட்ராலிக்கில் வேகத்தைத் தருவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறது என்பது. பலத்தைத் தருவது அந்த எண்ணெயின் அழுத்தம். அழுத்தம் இருந்து வேகம் மட்டும் குறைந்தால், பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன.

பெட்டியைத் திறந்தால், கறுப்பு நுரைப்பஞ்சில் வெட்டிய குழிகளுக்குள் 60, 250, 400, 600 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுள்ள நான்கு கேஜ்கள், தலா 2 மீட்டர் நீளமுள்ள மூன்று மெல்லிய ஹோஸ்கள், எம்16×2 மரையுள்ள டெஸ்ட் கப்ளிங்குகள், பலவகை மரைகளுக்கான 14 அடாப்டர்கள் ஆகியவை இருக்கின்றன. ஹோஸின் உள்துளை 2 மி.மீ. மட்டுமே; மேலுறையில் 630 பார் என்று அச்சிட்டிருக்கிறார்கள். துளை இவ்வளவு சிறியதாக இருப்பது நல்லதுதான், ஏனென்றால் பம்பின் துடிப்பு அதற்குள்ளேயே அடங்கிவிட்டு, முள் நடுங்காமல் ஓர் இடத்தில் நிற்கிறது. கப்ளிங்கின் வேலைப்பாடும் நன்றாக இருக்கிறது. ஹோஸ் முனையிலுள்ள ஊசி உள்ளே இருக்கும் சிறு வால்வைத் தள்ளித் திறப்பதற்கு முன்பே ஓ-ரிங் இறுக அடைத்துக்கொள்வதால், லைனில் அழுத்தம் இருக்கும்போதே இணைக்க முடியும் என்கிறார்கள். முடியும் என்றாலும் நான் இன்றுவரை எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் இணைக்கிறேன்.

நான்கு கேஜ் எதற்கு, 600 பார் கேஜ் ஒன்று போதாதா என்று என் தம்பி மகன் கேட்டான். போதாது. இந்தக் கேஜ்களின் முகப்பில் 1.6 என்று ஒரு சிறு எண் இருக்கிறது. முழு அளவில் 1.6 விழுக்காடு வரை முள் முன்பின்னாகக் காட்டலாம் என்பது அதன் பொருள். 600 பாரில் அது கிட்டத்தட்ட 10 பார். 343 பார் இருக்க வேண்டிய மெயின் லைனில் 10 பார் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். 39 பார் மட்டுமே இருக்க வேண்டிய, ஜாய்ஸ்டிக்குகளுக்குக் குறைந்த அழுத்த எண்ணெயைக் கொண்டுபோகும் பைலட் லைனில் அதே 10 பார், நல்ல வால்வைக் கெட்டதாகவும் கெட்ட வால்வை நல்லதாகவும் காட்டிவிடும். 60 பார் கேஜில் பிழை 1 பார் அளவுக்குள் நின்றுவிடுகிறது. வாங்கிய வாரத்திலேயே இரண்டையும் கோவையில் ஒரு காலிபரேஷன் கூடத்தில் கொடுத்துச் சோதித்தேன். 60 பார் கேஜ் கிட்டத்தட்ட சரியாகவே காட்டியது. 600 பார் கேஜ் 350 பாரில் 8 பார் கூடுதலாகக் காட்டியது. சொன்ன வரம்புக்குள்தான் என்பதால் குறை சொல்வதற்கில்லை. ‘கழிக்க 8’ என்று ஒரு சீட்டெழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு கேஜ்களும் ஒரே பருமன், ஒரே கறுப்பு விளிம்பு. 60 பார் கேஜைத் தெரியாமல் மெயின் பம்ப் லைனில் மாட்டினால் ஒரு நொடியில் அதன் உள்குழாய் கிழிந்து, முகப்புக் கண்ணாடி வழியாகக் கிளிசரின் பீறிடும். தயாரித்தவர்கள் விளிம்பில் வேறு வண்ணம் பூசியிருந்தால் ஐந்து ரூபாய்கூட ஆகியிருக்காது. வீட்டில் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து 60 பார் கேஜின் விளிம்பைச் சுற்றிலும் நானே பூசிக்கொண்டேன். அடுத்தது, முகப்பில் பார், பி.எஸ்.ஐ. ஆகிய இரண்டு அளவுகள் மட்டுமே உள்ளன. வண்டியின் கையேடு மெகாபாஸ்கலில் பேசுகிறது. இங்குள்ள மெக்கானிக்குகள் எல்லோரும் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் ‘350 கிலோ’, ‘40 கிலோ’ என்பார்கள். 34.3 மெகாபாஸ்கல், 343 பார், 350 கிலோ மூன்றும் ஒன்றே என்பது பழகிய பின் மனத்தில் ஓடும், ஆனால் முதல் நாளில் தடுமாற வைக்கும். அடாப்டர்களில் ஒன்று என் வண்டியின் பைலட் பிளக் மரையில் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அழுத்தி ஏற்றியிருந்தால் வால்வு பிளாக்கின் மரைதான் போயிருக்கும். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரப்பர் விளிம்புள்ள வாஷர்களுக்குப் பதில் வெறும் செம்பு வாஷர்களைப் போட்டிருப்பதால் முதல் சோதனையிலேயே ஓர் இணைப்பு கசிந்தது. நல்ல வாஷர்களை நான் தனியாக வாங்கிக்கொண்டேன். இரண்டு மீட்டர் ஹோஸ் பம்ப் அறையிலிருந்து கேபின் வரை எட்டாது. ஆகவே ஒருவர் லீவரிலும் இன்னொருவர் கேஜ் அருகிலுமாக, எஞ்சின் இரைச்சலில் கைச்சாடை காட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இனி சோதனைக்கு வருகிறேன். எண்ணெய் 50 டிகிரி அளவுக்குச் சூடாகும் வரை வண்டியை ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து ஜாய்ஸ்டிக்குகளை நான்கைந்து முறை எல்லாப் பக்கமும் அசைத்து, லைனில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, டேங்கின் மூச்சுத்துளையையும் திறந்துவிட்ட பிறகுதான் பிளக்குகளைக் கழற்றினோம். மெயின் பம்பின் இரண்டு வெளிவாய்களிலும் 600 பார் கேஜை மாட்டி, பூமுக்கும் பக்கெட்டுக்கும் இடையிலுள்ள ஆர்மைக் கடைசி வரை மடக்கி, அதற்கு மேல் போக இடமில்லாத நிலையில் லீவரைப் பிடித்தோம். திருத்தத்துக்குப் பின் ஒன்றில் 335, மற்றதில் 338 பார். போய்விட்டது என்று சொல்லப்பட்ட பம்ப் காட்டிய அளவு இது. அடுத்து சிவப்பு விளிம்புக் கேஜைப் பைலட் லைனில் மாட்டினோம். கையேடு 39 பார் என்கிறது. முள் 24-இல் நின்றுவிட்டது.

இந்த 39 பார் எதற்கு என்பது தெரிந்தால்தான் 24 என்ன செய்யும் என்பது விளங்கும். மெயின் கண்ட்ரோல் வால்வு, அதாவது எம்.சி.வி.க்குள் பூமுக்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று என்று, நகர்ந்து எண்ணெய் வழியைத் திறந்து மூடும் தண்டுகளான ஸ்பூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவில் நிறுத்தி வைக்க வலுவான ஸ்பிரிங்குகள் உண்டு. 300 பாருக்கு மேல் எண்ணெய் பாயும் அந்த ஸ்பூலை நேரடியாகக் கையால் தள்ள வேண்டுமென்றால் நீண்ட லீவரும் இணைப்புக் கம்பிகளும் வேண்டும், மாலைக்குள் ஆபரேட்டரின் தோள் கழன்றுவிடும். அதனால் மெயின் பம்பின் பின்னால் சிறிய கியர் பம்ப் ஒன்றை வைத்து, தனியாகக் குறைந்த அழுத்த எண்ணெயை உண்டாக்கி, அதை ஜாய்ஸ்டிக்கின் அடிக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்குக்கும் நான்கு சிறிய அழுத்தக் குறைப்பு வால்வுகள் உள்ளன. லீவரைச் சாய்த்தால் அடியிலுள்ள தட்டு ஒரு தண்டை அழுத்துகிறது, தண்டு ஸ்பிரிங்கை அழுத்துகிறது, ஸ்பிரிங் ஒரு விரல் பருமன் ஸ்பூலைக் கீழே தள்ளிப் பைலட் எண்ணெய்க்கு வழி திறக்கிறது. வெளியே போகும் அந்த எண்ணெயின் அழுத்தமே திரும்பி வந்து அதே ஸ்பூலை ஸ்பிரிங்குக்கு எதிராக மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வழி அடைபடுகிறது. ஆகவே லீவர் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு அழுத்தம்தான் எம்.சி.வி.க்குப் போகிறது, கொஞ்சம் சாய்த்தால் ஐந்தாறு பார், முழுவதும் சாய்த்தால் முப்பதை ஒட்டி. கையில் ஒரு கிலோ எடைகூடத் தெரியாது, ஆனால் 25 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூல் முனையில் 25 பார் அழுத்தம் 120 கிலோவுக்கு மேற்பட்ட விசையாகத் தள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன்கள்கூட முட்டையை எடுப்பது போலப் பக்கெட்டை இறக்க முடிவதற்கு இந்தச் சமநிலைதான் காரணம்.

வரும் எண்ணெயே 24 பார் என்றால், ஜாய்ஸ்டிக் என்ன செய்தாலும் அதற்கு மேல் தர இயலாது. எம்.சி.வி. ஸ்பூல் தன் ஸ்பிரிங்கை முழுவதும் அழுத்த முடியாமல் பாதி வழியில் நின்றுவிடும், வழி குறுகலாகவே திறந்திருக்கும், எண்ணெய் குறைவாகவே போகும். பல வண்டிகளில் மெயின் பம்பின் உள்ளே உள்ள சாய்வுத் தட்டான ஸ்வாஷ் பிளேட்டைச் சாய்த்து எண்ணெயைக் கூட்டச் சொல்வதும் இந்தப் பைலட் அழுத்தமே. ஆக, பம்ப் நன்றாக இருந்தும் வண்டி சோம்பியது.

அழுத்தத்தை 39-இல் நிறுத்தும் வேலை பைலட் ரிலீஃப் வால்வுடையது. இது நேரடி வகை: கூம்பு வடிவிலான ஒரு பாப்பெட், அதைத் துளையின் விளிம்பில் அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங், பின்னால் ஓர் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ, அவ்வளவே. ஸ்பிரிங்கின் பலத்தை எண்ணெய் மீறினால் பாப்பெட் எழுந்து, மிஞ்சியதை டேங்குக்கு விடும். கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தபோது பாப்பெட்டின் சாய்ந்த முகத்தில் கறுப்பு ரப்பர்த் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அளவில் கடுகைக்கூட எட்டாது. முந்தைய மாதம் வயலிலேயே ஃபில்டர் மாற்றியபோது பழைய ஓ-ரிங்கிலிருந்து பிய்ந்து உள்ளே விழுந்திருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்தவன் நான்தான். பாப்பெட் முழுவதும் உட்காராததால் எண்ணெய் எந்நேரமும் டேங்குக்கு ஓடிக்கொண்டிருந்தது. டீசலில் கழுவி, காற்றடித்து, மாட்டி ஓட்டியதும் முள் 39-க்குச் சற்று மேலே போய் நின்றது. ஸ்க்ரூவைத் தொடவே இல்லை.

மெயின் ரிலீஃப் வால்வு இப்படிப்பட்டதன்று. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை 343 பாரில் திறந்துவிட நேரடி வகையை வைத்தால் ஸ்பிரிங் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். பாய்ச்சல் கூடக் கூட அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். அதனால் அதற்குள்ளும் ஒரு பைலட்டை வைத்திருக்கிறார்கள். பெரிய பாப்பெட்டின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. அதன் வழியாக எண்ணெய் பின்னறைக்குப் போய், முன்னும் பின்னும் ஒரே அழுத்தமாக இருப்பதால், ஒரு மெல்லிய ஸ்பிரிங்கே அதை மூடி வைக்கப் போதும். பின்னறையின் வாயிலைக் காப்பது இன்னொரு சிறு பாப்பெட், அதன் ஸ்பிரிங்தான் உண்மையில் 343 பாருக்கு வைக்கப்பட்டது. அது திறந்ததும் பின்னறை எண்ணெய் வெளியேறும். சிறு துளை வழியாக அவ்வளவு வேகமாக மாற்று எண்ணெய் வர முடியாது. பின்னால் அழுத்தம் விழுந்து, பெரிய பாப்பெட் எழுந்து வழிவிடும். அந்தத் துளையை ஒரு தூசி அடைத்தால் பின்னறை நிரம்பாது, பெரிய பாப்பெட் எந்த அழுத்தத்திலும் எழுந்துவிடும், 20 டன் வண்டி தன் பக்கெட்டைத் தூக்கவும் திணறும். எங்கள் ஊரில் அப்படி நின்ற வண்டிகளில் எத்தனைக்குப் பம்ப் இறக்கியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

சிறிது நேரம் கூடுதல் பலம் தரும், கேபினில் உள்ள பவர் பூஸ்ட் பொத்தானும் இங்கேதான் வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தினால் சொலினாய்ட் எனும் மின்சார வால்வு ஒன்று திறந்து, பைலட் எண்ணெய் அந்தச் சிறு பாப்பெட்டின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் உள்ள பிஸ்டனைத் தள்ளி, ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குகிறது. 39 பார் எண்ணெய் ஒன்று 343 பார் எல்லையை 363 ஆக உயர்த்துகிறது. என் வண்டியில் அது சுமார் எட்டு விநாடிக்குப் பிறகு தானாகவே அணைந்துவிடும். அணைவதற்குக் காரணம் உண்டு. ரிலீஃப் வழியாக ஓடும் எண்ணெய் எந்த வேலையும் செய்யாமல் வெறும் சூடாக மாறுகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் 343 பாரில் ஓடினால் 57 கிலோவாட். வீட்டில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் இருபத்தெட்டை ஒரே நேரத்தில் டேங்குக்குள் போட்டது போல. ஆகவே அளவெடுக்கும்போதும் லீவரை மூன்று நான்கு விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

கிட்டுக்குக் கொடுத்த பணம் இரண்டாவது வண்டியில் திரும்பி வந்தது. அது என்னிடம் வந்த ஓராண்டில் மூன்று முறை ஹோஸ் வெடித்தது, ஹோஸ்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கேஜை மாட்டிப் பார்த்தால், பூஸ்ட் அழுத்தாமலே 365 பார். முன்பு வைத்திருந்த யாரோ, பவர் போதவில்லை என்று ஸ்க்ரூவை இறுக்கிவிட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது, கேஜ் இல்லாமல் அதைச் செய்வது எனக்குச் சற்றும் ஒப்பாத வேலை. 120 மி.மீ. பூம் சிலிண்டர் ஒன்றில் 350 கிலோ அழுத்தம் என்பதே ஏறத்தாழ 39.5 டன் விசை. 20 பார் கூட்டினால் அதற்கு மேல் இரண்டு டன்னுக்கும் அதிகமான விசை, சீலிலும் பின்னிலும் பற்றவைப்பிலும் போய் உட்காருகிறது. ஸ்க்ரூவின் ஒரு முழுச் சுற்றில் நூறு பாருக்கு மேல் மாறிவிடும் வால்வுகள் உண்டு என்பதால், லாக் நட்டைத் தளர்த்தி, கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவுக்கும் குறைவாகவே ஒவ்வொரு முறையும் திருப்பி, இறுக்கி, மறுபடி அளந்து, ஐந்தாவது முறையில் 343-க்குக் கொண்டுவந்தோம். எம்.சி.வி.யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக உள்ள போர்ட் ரிலீஃப்களை நான் தொடவில்லை. அவை மெயினைவிட உயர்ந்த அளவில் வைக்கப்பட்டவை. அவற்றை அளக்க மெயினைத் தற்காலிகமாக ஏற்ற வேண்டும், அது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பிறகு நான்கு மாதமாக அந்த வண்டியில் ஹோஸ் வெடிக்கவில்லை.

இந்தப் பெட்டியால் ஆகாதவையும் உள்ளன. அதே பழைய வண்டி நேராக ஓட்டினால் இடப்பக்கமாக ஒதுங்கும். டிராக்குகளை ஓட்டும் இரண்டு டிராவல் மோட்டார்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டியது, ஏனென்றால் முட்டி நிற்கும் எண்ணெயின் அழுத்தத்தை மட்டுமே கேஜ் அறியும், எவ்வளவு எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிந்து போகிறது என்பதை அறியாது. அதற்கு ஃப்ளோ மீட்டர் வேண்டும், அதன் விலை வேறு. விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து, அவர் சொற்படி டிராக்கைப் பூட்டி, மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை வெளியேற்றும் டிரெய்ன் ஹோஸை ஒரு 20 லிட்டர் கேனில் விட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் எண்ணினோம். வலப்பக்கத்தைப்போல் மூன்று மடங்கு எண்ணெய் இடப்பக்கத்தில் வந்தது. மோட்டாரின் சீலும் பிளேட்டும் மாற்ற வேண்டும் என்பது அந்தக் கேனால் முடிவானது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஹோஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று ஓடும் வண்டியில் ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், ஆனால் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போகாவிட்டால் விரலை இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கசிவிருந்தால் அதில் கறை விழும்.

ஒரு வண்டி வைத்திருப்பவருக்கும் இந்தக் கிட்டை நான் பரிந்துரைப்பேன். மொத்தமாக ஐந்துக்கு நான்கு மதிப்பெண். கடையில் கேட்கும்போது மூன்றைத் தவறாமல் கேளுங்கள்: 60 பார் கேஜ் கட்டாயம் இருக்க வேண்டும், 2 மீட்டருக்குப் பதில் குறைந்தது ஒரு ஹோஸாவது 4 மீட்டராக இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் பைலட் பிளக்கைக் கையோடு கொண்டுபோய் அடாப்டரின் மரையைக் கடையிலேயே ஏற்றிப் பார்க்க வேண்டும். நகப்பூச்சு வீட்டிலேயே இருக்கும்.